ஊரார் வீட்டு நெய்

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் பாட்டிமார் ஒரு பழமொழி சொல்வார்கள். பந்தியில் பரிமாறுகிறவள், தன் வீட்டு நெய்யானால் கரண்டி நுனியால் இலையைத் தொட்டு வைப்பாள். அடுத்த வீட்டு நெய்யானால் கை தாராளமாகச் சாயும். அதிலும் தன் புருஷன் இலைக்கு வரும்போது கிண்ணமே கவிழ்ந்துவிடும். அயல்நாட்டு உதவிப் பணத்தின் கதையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணரும் எழுதிவிட முடியாது. எங்கோ ஒரு நாட்டு மக்களின் வரிப்பணமோ தர்மப்பணமோ புறப்படுகிறது. யாருக்காகப் புறப்பட்டதோ அவர் கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் பரிமாறுகிறவர்களுக்கு வேண்டியவர்களெல்லாம் முன்வரிசையில் இருக்கிறார்கள். நெய் என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சைக் கடைசியில் அவிழ்க்கிற வழக்கத்தைக் கதைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த நாட்டு ஏழைக்கு என்று வருகிற வெளிநாட்டுப் பணம், அந்த ஏழையின் ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ப் பேச்சைப் பேசி, நாளைக்கும் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டிய மனிதர்கள் நடத்தும் ஸ்தாபனங்களின் கைக்கு வர வேண்டும். ஏவிய வேலையைச் செய்வதற்குக் கூலியாக அல்ல. தங்கள் புத்திக்குச் சரியென்று பட்டபடி செலவு செய்யும் பொறுப்போடு வர வேண்டும்.

இது ஏதோ கொங்கு நாட்டுக் கதாசிரியன் ஒருவனின் அதிகப்பிரசங்கம் அல்ல. கொடுக்கிறவர்களே சத்தியம் செய்து கொடுத்த விஷயம். 2016-ஆம் ஆண்டு மே மாதம் இஸ்தான்புல் நகரில் உலக மனிதாபிமான மாநாடு கூடியது. செல்வந்த நாடுகளும் பெரிய பெரிய நிவாரண ஸ்தாபனங்களும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 'மகா பேரம்' என்று அதற்கு அவர்களே பெயரும் வைத்தார்கள். 2020-ஆம் ஆண்டுக்குள் நிவாரணப் பணத்தில் நூற்றுக்கு 25 பங்கு, கூடியவரை நேராக, அந்தந்த நாட்டு அமைப்புகளுக்கும் ஊர் அமைப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. 2022-ஆம் ஆண்டின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது நேராகப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு 1.2 பங்கு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு வியாபாரி 25 மூட்டைக்கு விலை பேசி ஒன்றேகால் மூட்டையைக்கூட முழுசாக இறக்காமல் போயிருந்தால், அவன் மறுவாரம் மண்டிப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

அமெரிக்க அரசாங்கத்தின் உதவி நிறுவனமான யு.எஸ். எய்ட் கதை இன்னும் விசேஷம். 2010-ல் நூற்றுக்கு 30 பங்கு என்று ஓர் இலக்கு வைத்தார்கள். அது எட்டவில்லை. 2021 நவம்பரில் அதன் தலைவி சமந்தா பவர், நான்கே ஆண்டுகளில் 25 பங்கை உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவோம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டுக் கணக்கில் எட்டியது ஏறக்குறைய பத்து. நாலாம் வருஷம் முடிவதற்குள், 2025 ஜூலை முதல் தேதியோடு அந்த நிறுவனமே மூடப்பட்டது. பந்தி முடிவதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். உலகத்தின் எத்தனையோ மூலைகளில் சிகிச்சை நிலையங்கள் கதவைச் சாத்தின. பணம் நேராக அந்தந்த ஊர்க்காரர் கையில் வேரூன்றியிருந்தால், வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்ததும் அத்தனையும் ஒரே நாளில் சாய்ந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

'இஸ்தான்புல்லும் வாஷிங்டனும் எப்படியோ போகட்டும், நமக்கென்ன?' என்று கோயமுத்தூர் வாசகர் சிலர் கொட்டாவி விடுவது எனக்குத் தெரிகிறது. அவர்களை நான் நாமக்கல்லுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். தூரம் அதிகமில்லை.

நாமக்கல்லில் லாரி ஒரு வாகனமல்ல. அது ஒரு வாழ்க்கை. லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறைகள், டயர்க் கடைகள், பக்கத்தில் சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள் என்று அந்தப் பிரதேசமே சக்கரத்தின் மேல் நிற்கிறது. மழை பொய்த்த மானாவாரிக் காட்டை நம்ப முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்த சம்சாரிகளின் பிள்ளைகள் இவர்கள். வீட்டை விட்டுப் போனால் திரும்ப இருபது நாள், முப்பது நாள் ஆகும். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் அந்த நோய் நெடுஞ்சாலை வழியாக வந்து நாமக்கல்லில் இறங்கிவிட்டது. நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் அந்தப் பெயர் ஏறியது. டிரைவர் கொண்டுவந்தது மனைவிக்குப் போயிற்று. மனைவியிடமிருந்து தொட்டில் குழந்தைக்குப் போயிற்று.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கத்தை 1994-லேயே ஏற்படுத்திய மாநிலம் நம்முடையது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். லாரிப்பேட்டையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் டிரைவரிடம் போய், அவன் அந்தரங்கத்தைப் பற்றிப் பேச யாரால் முடியும்? சர்க்கார் ஜீப்பில் வந்து இறங்குகிற அதிகாரியால் முடியுமா? அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணரால் முடியுமா? 'ஏனுங்க மாமா, லோடு எங்கீங்?' என்று ஆரம்பித்து, டீ வாங்கிக் கொடுத்து, சரக்கு வாடகையைப் பற்றி அரை மணி பேசிவிட்டு, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வரத் தெரிந்த ஒருவனால்தான் முடியும். அப்படிப்பட்டவன் எந்த நிபுணர் பட்டியலிலும் இல்லை. ஏதாவது ஒரு சின்னச் சங்கத்தில், சின்னச் சம்பளத்தில் இருப்பான்.

1995-ல் அமெரிக்கப் பணம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, யார் செய்த புண்ணியமோ, அது ஓரளவு சரியான வழியில் வந்தது. வாஷிங்டன் கம்பெனி எதுவும் இங்கே வந்து கடை விரிக்கவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் சென்னையில் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ் என்ற நம் ஊர் மருத்துவ ஸ்தாபனத்திடம், இந்திய அரசின் சம்மதத்தோடு, பொறுப்பை ஒப்படைத்தார்கள். 'ஏபேக்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். அந்தத் தாய் ஸ்தாபனம் மாநிலம் முழுவதும் சிறு சிறு சங்கங்களைத் தேடிப் பிடித்தது, பயிற்சி கொடுத்தது, பணத்தைப் பிரித்துக் கொடுத்தது, மக்களின் நடத்தை மாறுகிறதா என்று ஆண்டுதோறும் ஆய்வு நடத்திப் பார்த்தது.

'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வியை மறந்தவர் உண்டா? 2003-ஆம் ஆண்டு வாக்கில் சுவர்களிலும் பஸ்களிலும் அந்தக் கேள்வி நம்மைத் துரத்தியது. யார் இந்தப் புள்ளி ராஜா, ஏதாவது சினிமாப் படமா என்று டீக்கடையெல்லாம் ஒரே பேச்சு. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்ட பிள்ளைகள் பட்ட அவஸ்தை சொல்லி முடியாது. அந்தக் குறும்பு, ஏபேக் திட்டத்தின் பிரசாரம். ஜெனீவாவில் அச்சடித்த எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் அந்தச் சாமர்த்தியம் வந்திருக்காது. வாயால் சொல்லக் கூசிய ஒரு வார்த்தையை வீட்டுத் திண்ணைப் பேச்சாக்கிய வித்தை அது. தமிழனின் வாயையும் அவனுடைய வெட்கத்தையும் அறிந்தவர்களால் மட்டுமே செய்யக் கூடியது.

பலன் என்ன? தென்னிந்திய மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிப் பெண்களிடையே 2000-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 1.7 ஆக இருந்த தொற்று, 2004-ல் 1.1 ஆகக் குறைந்தது என்று 2006-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. எல்லாப் பெருமையும் இந்த ஒரு திட்டத்துக்கே என்று எழுதினால் அது அபாண்டம். அரசுக்கும், டாக்டர்களுக்கும், மற்ற ஸ்தாபனங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் லாரிப்பேட்டைக் கட்டில்வரை போய்ச் சேர்ந்த அந்தக் கடைசி முழத் தூரத்தை நடந்தவர்கள் சின்னச் சங்கத்துக்காரர்கள்.

நாமக்கல்லின் பெயரைச் சொல்லும்போது கௌசல்யாவின் பெயரைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துப் பெண். லாரி ஓட்டியவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். கணவர் மூலம் தொற்றுக்கு ஆளாகி, இளம் வயதிலேயே அவரை இழந்தவர். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்த ஊர் கொடுத்த இடம் மாட்டுக்கொட்டகை ஓரம்தான். அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து, தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டார். நாடு முழுவதும் பரவிய அமைப்பு அது. எந்த வெளிநாட்டு ஆலோசகர் திட்டம் போட்டு இப்படி ஒரு பெண்ணை உண்டாக்க முடியும்? உண்டான பிறகு பணத்தைக் கொடுத்து ஒதுங்கி நிற்கலாம். அவ்வளவுதான் வெளியாரால் முடிந்த உபகாரம்.

ஏபேக் ஏற்பாட்டிலும் குறை இல்லாமலில்லை. தாய் ஸ்தாபனத்துக்குக் கிடைத்த மதிப்பு சின்னச் சங்கங்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை பேரைச் சந்தித்தாயா, இத்தனை கூட்டம் போட்டாயா என்ற எண்ணிக்கைக்கு அவர்கள் கூலியாட்களாகவே இருந்தார்கள். பின்னாளில் அந்தப் பணிகள் படிப்படியாக அரசின் கைக்கு மாறின. ஆனாலும் வழி திறந்திருந்தது. பணம் வெளியிலிருந்து வந்து, நம் ஊரின் பெரிய ஸ்தாபனம் ஒன்றின் கையில் இறங்கி, அங்கிருந்து ராசிபுரத்துக்கும் பரமத்திக்கும் போகலாம் என்ற வழி.

அந்த வழியை 2020 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள்.

அந்நிய நன்கொடைச் சட்டம் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்தது. 2010-ல் புதுச் சட்டமாயிற்று. 2020-ல் செய்த திருத்தம்தான் நம் விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டது. ஒரு ஸ்தாபனம் தான் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையில் ஒரு காசுகூட இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அது தடுத்தது. நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்ததை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கொல்லிமலையில் இருக்கிற சங்கமானாலும் பணம் முதலில் வந்து இறங்குவது டில்லி ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில்தான் என்று விதித்தது. சரி, தாய் ஸ்தாபனம் வேண்டாம், சின்னச் சங்கமே நேராக ரிஜிஸ்தர் செய்துகொள்ளட்டும் என்றால், அதற்கு மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். 15 லட்சம் செலவழிக்க வழியிருந்தால் அவன் ஏன் வெளிநாட்டுக்குக் கையேந்தப் போகிறான்? நீச்சல் கற்றுக்கொண்டு வா, அப்புறம் கிணற்றில் இறங்கலாம் என்கிற கதைதான்.

பெரிய ஸ்தாபனத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அதற்கு டில்லியில் ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு. சிறியவன்தான் செத்தான். ஆகவே உள்ளூர்க்காரனுக்குப் பணம் போகாததற்கு வாஷிங்டனை மட்டும் திட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், நம் அரசாங்கமே 2003-ல் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. அந்த வருஷ பட்ஜெட்டில் ஜஸ்வந்த் சிங், சிறு சிறு கொடை நாடுகளின் உதவி இனி அரசாங்கத்துக்கு வேண்டாம், கொடுக்க விரும்பினால் தொண்டு ஸ்தாபனங்கள் வழியாகக் கொடுக்கட்டும் என்ற கொள்கையை அறிவித்தார். 1980-களில் பழைய சேலம் ஜில்லாவில் சுகாதாரத் திட்டத்துக்கு உதவிய டென்மார்க் போன்ற நாடுகளுக்குச் சொன்ன பதில் அது. தொண்டு ஸ்தாபனத்துக்குக் கொடு என்று வாசலைக் காட்டியவர்கள், பதினேழு வருஷம் கழித்து அந்த வாசலில் பாதியைச் சுவர் வைத்து மறைத்தார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் கோர்ட் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அந்நிய நன்கொடை வாங்குவது யாருக்கும் அசைக்க முடியாத உரிமையல்ல என்றது. கூடவே, நாட்டுக்குள்ளேயே கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, தொண்டு ஸ்தாபனங்கள் அவர்களை நாடலாம் என்ற கருத்தையும் சொல்லியது. கோர்ட் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் கடைசிக் கருத்து ஒரு சவால்; அதை எடுத்துப் பார்க்கத் தகுந்த ஊர் கோயமுத்தூரைவிட வேறில்லை.

கொடைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வர், குடும்பச் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று வைத்து 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தைத் தொடங்கினார்கள். தர்மத்தை உடன்பிறந்தவனாக்கிப் பாகம் கொடுத்த குடும்பத்தை வேறெங்கே பார்க்கப் போகிறோம்? 1952-ல் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு ஆஸ்பத்திரி எழுந்தது. மில் சங்கு ஊதிய இடங்களிலெல்லாம் பள்ளிக்கூட மணியும் சேர்ந்து ஒலித்த ஊர் இது. இதைச் சொல்லும்போது எனக்கும் மார்பு கொஞ்சம் விரியத்தான் செய்கிறது.

ஆனால் நம் தர்மம் எதற்குப் போயிற்று என்று பாருங்கள். காலேஜுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயில் திருப்பணிக்கு, கல்யாண மண்டபத்துக்கு. பெயர் எழுதிய கல்வெட்டு வைக்க வசதியான இடங்கள். லாரிப்பேட்டையில் ஆணுறை விநியோகிக்க எந்த அறநிலையம் பெட்டியைத் திறந்தது? விலைமாதர் சங்கத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு அதன் வாசலில் தன் தாயார் பெயரைப் பொறித்த கோடீசுவரர் யார்?

இதைவிடக் கசப்பான விஷயமும் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்தும் வறண்ட காடுகளிலிருந்தும் சின்னப் பெண்களைக் கூட்டிவந்து, மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று 'சுமங்கலித் திட்டம்' நடத்தினார்கள். சுமங்கலி! எவ்வளவு மங்களமான பெயர்! கேட்டுக்கு வெளியே போக முடியாமல், வீட்டுக்குப் பேச முடியாமல், மூன்றாம் வருஷக் கடைசியில் உடம்பு கெட்டுக் கைவிடப்பட்ட பெண்களின் கதைகளை நெதர்லாந்திலுள்ள சோமோ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனமும் இந்தியக் கமிட்டியும் சேர்ந்து 2011-லும் 2014-லும் அறிக்கைகளாக வெளியிட்டன. வெளியிட்டது ஆம்ஸ்டர்டாமில், ஆனால் அந்தப் பெண்கள் வாய்திறந்து பேசியது நம் பாஷையில். கிராமம் கிராமமாகப் போய், தாயாரிடம் உட்கார்ந்து, மகளைப் பேச வைக்க நம் ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு எந்த மில் முதலாளி சந்தா கொடுப்பார்? தன் தோட்டத்துக் கிணற்றில் தூர் வார அடுத்தவனுக்குக் கூலி கொடுக்கலாம். தன் வீட்டுக் குற்றத்தைத் தோண்ட எவனும் கூலி கொடுக்கமாட்டான்.

இங்கேதான் வெளிநாட்டுப் பணத்தின் அருமை தெரிகிறது. உள்ளூர்ப் பணம் தொடக் கூசுகிற இடத்தை அது தொட முடியும். ஆனால் உள்ளூர்க் கை இல்லாமல் தொட முடியாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்துத் தையல் ஆலை ஒன்றில் வேலை பார்த்த பெண் கொலையுண்டாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆடிட்டர்கள் பல வருஷமாகப் பல ஆலைகளுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்று கையெழுத்தானபோது, ஆலைக்குள் பெண்களுக்கு நேரும் கொடுமையைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்களே முன்னின்று நடத்தும் உள்ளூர்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க, ஐரோப்பியத் துணிக் கம்பெனிகளும் அதை ஒப்புக்கொண்டன. பக்கத்து மிஷினில் தைக்கிறவளுக்குத் தெரிந்தது லண்டன் ஆடிட்டருக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

'எல்லாம் சரி, உள்ளூர்க்காரன் கையில் கொடுத்தால் தின்றுவிடுவானே?' இது அடுத்த கேள்வி. படித்தவர்கள் கூடும் இடத்தில் இதைக் கேட்காதவர் இல்லை. தேனெடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான், மறுக்கவில்லை. லெட்டர் தாளும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டுமே ஆஸ்தியாக உள்ள சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ராசிபுரத்துச் சங்கத்துச் செயலாளர் புதுக் கார் வாங்கினால் அன்று சாயங்காலமே டீக்கடைக்குத் தெரிந்துவிடும். வாஷிங்டனில் நக்கினால் அதற்கு 'ஆலோசனைக் கட்டணம்' என்று கௌரவமான பெயர்; ரசீதும் உண்டு. அமெரிக்க உதவியின் பெரும்பகுதி வெகுகாலமாக அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் வழியாகவே போய்க்கொண்டிருந்தது என்பது ரகசியமல்ல.

பெரியவர்களுக்கு அனுபவம் அதிகம் என்பவர்களுக்கு நாகப்பட்டினத்தைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உலகமே அங்கே வந்து குவிந்தது. யாரும் கேட்காத பழந்துணிகள் ரோட்டோரம் மலையாகக் கிடந்தன. மீனவர் கூட்டமைப்பும், சிநேகா என்ற உள்ளூர் ஸ்தாபனமும் முன்னின்று ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தி, எந்தக் குப்பத்துக்கு என்ன தேவை என்று கணக்கெடுத்த பிறகே கொஞ்சம் ஒழுங்கு வந்தது. சுனாமி நிவாரணத்தைப் பற்றி 2006-ல் வெளிவந்த சர்வதேச மதிப்பீட்டு அறிக்கையே, முதலில் உயிர்களைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர் மக்கள்தான், பின்னால் வந்த சர்வதேச ஸ்தாபனங்கள் பல இடங்களில் அவர்களை ஓரங்கட்டிவிட்டன என்று குற்றம் சாட்டியது.

அந்நியப் பணம் வந்தால் தேசபக்தி கெடும் என்பவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. 2014-ல் டில்லி ஹைகோர்ட், நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் இந்த அந்நிய நன்கொடைச் சட்டத்தை மீறிப் பணம் வாங்கியதாகத் தீர்ப்பளித்தது. என்ன செய்தார்கள்? 2016-ல் நிதி மசோதாவோடு சேர்த்து 'அந்நியர்' என்பதன் அர்த்தத்தையே மாற்றினார்கள். 2018-ல் அந்த மாற்றத்தை 1976 முதல் செல்லும் என்று பின்தேதி போட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷம் பின்னோக்கிப் பாவமன்னிப்பு! ராசிபுரத்துச் சங்கம் கணக்குக் கொடுக்கத் தவறினால் ரிஜிஸ்தரே போய்விடலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அது என் தொழிலைத் தொட்டது என்பதால் சொல்கிறேன். பணம் கேட்டு விண்ணப்பம் எழுதும் கலை. 1969-ல் யு.எஸ். எய்டுக்காகக் கண்டுபிடித்த ஒரு கட்டம் இன்னும் உலகமெங்கும் நடைமுறையில் இருக்கிறது. குறிக்கோள், விளைவு, அளவுகோல், சான்று, அனுமானம் என்று கட்டம் கட்டமாக இங்கிலீஷில் நிரப்ப வேண்டும். மூன்று வருஷம் கழித்து எத்தனை டிரைவர்கள் மனம் மாறியிருப்பார்கள் என்று இன்றே எழுதித் தர வேண்டும். நான் முப்பது அத்தியாயத் தொடர்கதை எழுதும்போதுகூட மூன்றாவது அத்தியாயத்துக்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்படிக் கற்பனை செய்ய வல்லவன் டவுனில் கம்ப்யூட்டரோடு இருக்கிறான். அவனுக்குப் பணம் கிடைக்கிறது. 'ஏனுங்க, நாங்க செய்யற வேலைய நாங்க பேசற மாதிரியே எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா?' என்று கிராமத்துச் சங்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கொடுக்கிறவர்கள் தமிழ் தெரிந்த ஒரே ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்ள எவ்வளவு டாலர் ஆகிவிடும்?

நம்பிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அமெரிக்காவின் சேவா ஸ்தாபனம் துணை நின்றது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அன்று வெளிநாட்டில்தான் செய்யப்பட்டது. ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். லென்ஸை வாங்கி வாங்கி தானம் செய்துகொண்டே இருந்திருக்கலாம். கொடுத்தவர் பெயரும் வருஷா வருஷம் பத்திரிகையில் வந்திருக்கும். அதைச் செய்யாமல், லென்ஸ் செய்யும் வித்தையையே மதுரைக்குக் கொண்டுவர உதவினார்கள். 1992-ல் ஆரோலேப் பிறந்தது. விலை பத்து டாலராக இறங்கி, அதற்கும் கீழே போயிற்று. செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்கள். 1997 முதல் கோவையிலும் அரவிந்த் ஆஸ்பத்திரி நடக்கிறது. அன்னூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் வந்து கட்டு அவிழ்த்துக்கொண்டு போகிற பாட்டிகளுக்கு இந்தப் பூர்வோத்தரம் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

ஆகவே டில்லிக்குச் சொல்ல வேண்டியது: கணக்குக் கேளுங்கள், இன்ஸ்பெக்டரை அனுப்புங்கள், திருடனைப் பிடித்து உள்ளே போடுங்கள், ஆனால் தாய் ஸ்தாபனம் சேய்ச் சங்கத்துக்குக் கொடுப்பதைத் தடுக்கும் அந்த ஒரு பிரிவை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டாருக்குச் சொல்ல வேண்டியது: ஒரு வருஷத்துக்கு இத்தனை கூட்டம் என்று கூலி பேசாமல், ஐந்து வருஷத்துக்கு நம்பிக் கொடுங்கள், அலுவலக வாடகையும் கணக்குப்பிள்ளையின் சம்பளமும் செலவுதான், ஊழல் அல்ல.

கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதும் அதேதான். 2013 கம்பெனிச் சட்டப்படி, ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது என்று இங்கேயும் டில்லி ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறது. மார்ச் மாதம் நெருங்கும்போது பள்ளிக்கூடங்களில் குடிநீர் மிஷின்கள் திடீர் திடீரென்று முளைப்பதன் ரகசியம் இதுதான். மிஷினில் கம்பெனிப் பெயர் ஒட்டலாம் அல்லவா? அவினாசி ரோட்டிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் உட்கார்ந்திருக்கிற டைரக்டர்களில் யாராவது ஒருவர், இந்த மார்ச்சில் மிஷினை விட்டுவிட்டு, நாமக்கல் லாரிப்பேட்டைப் பக்கம் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தாங்களே நடத்தும் சங்கம் ஒன்றைத் தேடிப் போகட்டும். போகும்போது போட்டோகிராபரை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தப் பெண்களில் பலர் இன்னும் போட்டோவுக்கு நிற்கமாட்டார்கள்.